பத்து மில்லி கண்

மட்டாஞ்சேரி
9-6-2024

அன்புத் தங்கை மைமூனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உன் மதினி சுல்ஃபத்தும் இறைவன் கிருபையால் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? ஷானவாஸும் ஹாதியாவும் சுகம்தானே? பேத்தி மின்ஹாவுக்கு இப்போது ஏழு மாதம் என்று நினைக்கிறேன். உட்காருகிறாளா?

அவளுக்காக உன் மதினி ஒரு யானை பின்னி முடித்துவிட்டாள். பருத்தி நூல், சாம்பல் நிறம். ஒன்பது நாள் ஆயிற்று. குரோஷா ஊசி பிடித்துப் பிடித்து அவள் கட்டை விரல் வீங்கியிருக்கிறது. கண் வைப்பது வழக்கம்போல என் வேலை. முப்பத்தோரு வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் பொம்மைக்குக் கண் வைக்கிறேன் என்று நீ சிரிப்பாய். நானே சில நாள் சிரித்துக்கொள்கிறேன்.

கடைப் பொம்மைகளுக்கு பிளாஸ்டிக் கண் வைப்பேன். முன்னால் பளபளப்பான குமிழ், பின்னால் வரி வரியாக ஒரு தண்டு. தண்டை வெளியிலிருந்து குத்தி, உள்ளே ஒரு வாஷரை மாட்டி அழுத்த வேண்டும். ஒவ்வொரு வரியைத் தாண்டும்போதும் ‘டக்’ என்று சத்தம் வரும். இரண்டு சத்தம் கேட்டால் கண் கழலாது. முன்பெல்லாம் பள்ளிக்கூடத்துச் சுருள்வில் தராசை மாட்டி இழுத்துச் சோதிப்பேன். இழுத்த இடத்தில் பின்னல் விரிந்துவிட்டது. யூதத் தெருவில் நம் பொம்மைகளை விற்கிற ஷபானா, “மாஷே, கண்ணைச் சுத்தி ஓட்டை தெரியுது. எந்த வெள்ளைக்கார சாயிப்பும் வாங்கமாட்டான் கேட்டோ” என்றாள். அதோடு தராசை விட்டுவிட்டேன். இப்போது சத்தம் மட்டும்தான்.

ஆனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வேண்டாம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறது. அதனால் மின்ஹாவின் யானைக்குக் கறுப்பு நூலால் கண் தைத்திருக்கிறேன். சரிதானே? அனுப்பட்டுமா?

துஆவில் சேர்த்துக்கொள்.
கமாலுதீன்


உத்தமபாளையம்
24-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

எல்லோரும் சுகம். முழங்கால் இருக்கிறபடியே இருக்கிறது. மின்ஹா உட்காருகிறாள், உடனே சாய்கிறாள், சாய்ந்துவிட்டுச் சிரிக்கிறாள்.

ஷானவாஸ் நாலைந்து தடவை போன் போட்டானாம். நீங்கள் எடுக்கவே இல்லையாம். “மாமு பெரிய ஆள், கடிதாசிதான் போடணும்” என்று கேலி செய்கிறான். எனக்கு உங்கள் கையெழுத்தைப் பார்ப்பதே சந்தோஷம்.

அண்ணே, நூல் கண் வேண்டாம். கம்பத்துச் சம்பந்தி ஒரு முயல் கொண்டுவந்தார்கள். கண்ணு இருக்கிற இடத்தில் ரெண்டு நூல் கோடு. ஹாதியா அதைப் பார்த்து, “இது என்ன மாமி, கண்ணை மூடிக்கிட்டே முறைக்குது” என்கிறாள். குழந்தையும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்கு வைக்கிற பளபளப்புக் கண்ணே வையுங்கள். மாமு செய்தது என்று நாலு பேரிடம் காட்ட வேண்டாமா? நீங்கள் வைத்தது எதுவும் கழன்று நான் பார்த்ததில்லை. வாசல் பூட்டையே மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நீங்கள்.

மதினிக்கு என் சலாம்.
மைமூன்


மட்டாஞ்சேரி
8-7-2024

அன்பு மைமூனுக்கு, உனக்கும் உன் வீட்டாருக்கும் சலாம்.

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை மட்டும் விடவில்லை. போன் விஷயம்: இந்தச் சந்தில் சிக்னல் சரியில்லை. எனக்கும் போனில் பேசுவது அவ்வளவாகப் பழக்கமில்லை.

நீ சொன்னபடி நூல் கண்ணைப் பிரித்துவிட்டு பிளாஸ்டிக் கண் வைத்துவிட்டேன். எட்டு மில்லிமீட்டர் கண் வைத்துப் பார்த்தேன், யானை தந்திரக்காரன் போல இருந்தது. பன்னிரண்டு வைத்தால் பயந்ததுபோல. பத்து மில்லிதான் சரியாக அமைந்தது. இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஏழு கண்ணி இடைவெளி.

வேலை கொஞ்சம் சிரமப்பட்டுவிட்டது. வாஷர் மாட்டுவது தலையைப் பஞ்சு அடைத்து மூடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. இதுவோ மூடின தலை. சுல்ஃபத்திடம் கேட்டிருந்தால் முழுதும் பிரித்து மறுபடி பின்னியிருப்பாள். அவள் விரலைப் பார்த்துவிட்டு என்னால் கேட்க முடியவில்லை. கழுத்தில் நாலு கண்ணி மட்டும் அவிழ்த்து, பஞ்சை ஒதுக்கி, இடுக்கியால் வாஷரைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் அழுத்தினேன். உள்ளே ஒன்றும் தெரியாது. கைப்பழக்கத்தில் செய்ததுதான்.

ஆனாலும் கவலைப்படாதே. இரண்டு கண்ணுக்கும் இரண்டு முறை சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது.

பார்சல் நாளை புறப்படும். மின்ஹாவுக்கு என் முத்தம்.
கமாலுதீன்


உத்தமபாளையம்
30-7-2024

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் சலாம். நாங்கள் எல்லோரும் நலம், உங்கள் நலமும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன்.

யானை வந்தது. என்ன அழகு அண்ணே! உயிருள்ள யானை நம்மைப் பார்த்து ஏதோ கேட்கப்போகிற மாதிரி இருக்கிறது. மின்ஹா பார்த்த உடனே கண்ணைத்தான் தொட்டாள். இப்போது அது இல்லாமல் தூங்குவதில்லை. காதைச் சப்பிச் சப்பிக் கயிறாக்கிவிட்டாள். ஹாதியா வாரம் ஒரு தரம் துவைத்துக் கொடியில் வாலைக் கட்டித் தொங்கவிடுகிறாள். அது காய்கிற வரை இவள் கொடிக்குக் கீழே உட்கார்ந்து அழுகிறாள்.

தெருவில் எல்லோரிடமும் காட்டிவிட்டேன். “எங்க அண்ணன் அளந்து அளந்து வச்ச கண்ணு” என்று சொன்னேன். உங்கள் கடிதாசியையும் வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி, “யானைக்கு இவ்வளவு யோசிக்கிறவரு பொண்ணு பார்க்கப் போனப்போ என்ன பாடு படுத்தினாரோ” என்கிறாள்.

மதினியின் விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.
மைமூன்


மட்டாஞ்சேரி
6-9-2024

அன்பு மைமூனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். போன மாதமே எழுதியிருக்க வேண்டும், தாமதமாகிவிட்டது. இங்கே மழை நின்று வெயில் கடுமையாக இருக்கிறது. உன் மதினி புதிதாக ஓர் ஒட்டகம் ஆரம்பித்திருக்கிறாள். ஷபானாவின் கடைக்கு வைட்டிலாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து ஒரே நாளில் மூன்று பூனை வாங்கிப் போயிற்றாம்.

இன்னொன்று. பெரிய விஷயம் இல்லை. ஷபானா ஒரு முயலைத் திருப்பிக் கொண்டுவந்தாள். “மாஷே, ஒரு கண்ணு ஆடுது” என்றாள். தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வாஷர் முதல் வரியிலேயே நின்றிருக்கிறது. இது எப்போதாவது நடக்கக்கூடியதுதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும், உனக்கு நேரம் இருக்கும்போது, மின்ஹாவின் யானையில் இரண்டு கண்ணையும் ஒரு முறை நன்றாக இழுத்துப் பார்க்கிறாயா? ஆடினால் அதை அவளிடம் கொடுக்க வேண்டாம். பெரும்பாலும் ஆடாது.

ஷானவாஸின் வேலை எப்படிப் போகிறது? இந்த வருஷம் உங்கள் பக்கம் மழை உண்டா?

கமாலுதீன்

பி.கு. உன்னை வீணாகப் பயமுறுத்துகிறேனோ என்று மூன்று நாள் இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று ஒன்பதாம் தேதி தபாலில் சேர்க்கிறேன்.


மட்டாஞ்சேரி
2-10-2024

அன்பு மைமூனுக்கு, சலாம். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

என் போன கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. யானையின் கண்ணைப் பார்த்தாயா? ஒரு வரி போதும்.

இங்கே ஒரு செய்தி. உன் மதினி போன மாதம் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் போன் வந்து, அவசரமாகப் பாலக்காட்டுக்குப் போனாள். அவள் அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள். நாலு நாள் கழித்து வந்தாள். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் சரியாகச் சொல்வதில்லை. வந்த மறுநாள் ஊசி, நூல், பாதியில் நின்ற ஒட்டகம் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். விரல் வலியாம். எழுபது வயதில் வலிக்கத்தானே செய்யும்? ஆனால் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். உன்னிடமும்தான். மழையைப் பற்றியாவது எழுது.

கமாலுதீன்


உத்தமபாளையம்
3-11-2024

அண்ணனுக்கு சலாம்.

உங்கள் ரெண்டு கடிதாசியும் வந்தது. கை நடுக்கம், அதனால் எழுதவில்லை. எல்லோரும் இருக்கிறோம்.

யானையை அலமாரியில் வைத்துவிட்டோம். அதை வைத்து இப்போது யாரும் விளையாடுவதில்லை. நீங்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதினி சொல்கிறபடி கேளுங்கள்.
மைமூன்


மட்டாஞ்சேரி
20-11-2024

அன்பு மைமூனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் கண்டு எனக்கு உயிர் வந்தது. அதைப் படித்த அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். கை நடுக்கத்தை டாக்டரிடம் காட்டு. யானை அலமாரிக்குள் போய்விட்டது என்றால் இனி ஒரு விஷயத்தைத் தைரியமாகச் சொல்லலாம். மனசில் வைத்திருந்து மிகவும் கஷ்டப்பட்டுவிட்டேன்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. மூன்று வருஷமாகவே அப்படித்தான். கனத்த குரல் விழுகிறது, மெல்லிய சத்தம் ஒன்றும் விழுவதில்லை. போனை எடுக்காததும் அதனால்தான். சுல்ஃபத்திடம்கூட மறைத்தேன், அவள் உதட்டைப் பார்த்துச் சமாளித்தேன். வாஷர் மாட்டும்போது அந்தச் சத்தம் எனக்குக் கேட்பதில்லை. விரலுக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உன் யானைக்குக் கண் வைத்தபோதும் சத்தம் கேட்கவில்லை. கேட்டது என்று எழுதிவிட்டேன். செப்டம்பரில் சுல்ஃபத்திடம் விஷயத்தைச் சொல்லியிருந்தால் அன்றே உனக்கு போன் செய்திருப்பாள். சொல்ல வெட்கமாக இருந்தது. கடிதம் போட்டால் போதும் என்று இருந்துவிட்டேன்.

எப்படியோ ஆபத்து இல்லாமல் முடிந்தது. போன வாரம் எர்ணாகுளத்தில் காட்டிக் காதுக்கு மிஷின் வைத்துக்கொண்டேன். முதல் நாள் காக்கைச் சத்தத்துக்கே திடுக்கிட்டேன். இனி ஷானவாஸ் போன் செய்தால் எடுப்பேன்.

மின்ஹாவுக்கு இந்த மாதம் ஒரு வயது அல்லவா? நடக்கிறாளா? என்ன அனுப்பட்டும், சொல். பொம்மை வேண்டாம்.

மிகுந்த அன்புடன்
கமாலுதீன்


உத்தமபாளையம்
5-12-2024

மாமு அவர்களுக்கு ஹாதியா சலாம் சொல்லி எழுதுவது.

மாமிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் என் கையில் கொடுத்தார். பிரித்துப் படித்துவிட்டேன். தப்புதான்.

மின்ஹா செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி மௌத்தாகிவிட்டாள். காலையில் தொட்டிலில் இருந்தாள், பக்கத்தில் யானை இருந்தது. நான் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தபோது முகம் நீலமாக இருந்தது. தேனி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. தொண்டையிலிருந்து டாக்டர் எடுத்துக் காட்டினார். அன்று இரவே அடக்கம் செய்தோம். நீங்கள் கண்ணை இழுத்துப் பார்க்கச் சொன்ன கடிதம் பதினான்காம் தேதி வந்தது.

சுல்ஃபத் மாமி அடக்கத்துக்கு வந்திருந்தார்கள். பாலக்காட்டுக்குப் போகவில்லை. “அவருக்குத் தெரிஞ்சா இருக்க மாட்டாரு, யாரும் சொல்லிடாதீங்க” என்று ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்கள். அதனால் யாரும் சொல்லவில்லை.

தாய் கவனிக்கவில்லை என்று இந்தத் தெருவே பேசுகிறது. என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைக்கிறாங்க, வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் நான் கவனித்தேன் மாமு. ஒரு வாரம் முன்னாலேயே இடது கண் ஆடுவதைப் பார்த்து மாமியிடம் காட்டினேன். மாமி உங்கள் கடிதத்தை எடுத்து வந்து, “இந்தா பாரு, ரெண்டு சத்தம் கேட்டுச்சுன்னு எழுதியிருக்காரு. எங்க அண்ணன் பார்க்காம ஒரு எழுத்து எழுதமாட்டாரு. நீ இழுத்து இழுத்துக் கெடுக்காத புள்ளே” என்றார்கள். நான் யானையைத் திரும்பத் தொட்டிலில் வைத்தேன்.

கேட்காததைக் கேட்டதாக ஏன் எழுதினீர்கள்? இதற்கு மட்டும் பதில் போடுங்கள்.

ஹாதியா


மட்டாஞ்சேரி
16-12-2024

ஹாதியாவுக்கு. சலாம் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. சொல்கிறேன்.

நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒரு வாரம் யோசித்தேன்.

சோதனைக்கூடத்தில் சில பிள்ளைகளுக்கு விடை சரியாக வராது. புத்தகத்தில் என்ன வர வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அதை நோட்டில் எழுதிவிடுவார்கள். பார்த்ததை எழுது, வர வேண்டியதை எழுதாதே என்று திட்டி நான் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். அதையேதான் நான் செய்தேன். கேட்கவில்லை என்று எழுதினால் காது போனது தெரிந்துவிடும், இனி யாரும் என்னிடம் வேலை கொடுக்கமாட்டார்கள் என்று பயந்தேன். இதைவிட நல்ல காரணம் ஏதாவது இருக்குமா என்று தேடிப்பார்த்தேன். இல்லை.

கீழே உள்ளதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

குழந்தைக்கு ஆகாது என்று தெரிந்தும் அந்தக் கண்ணை வைத்தவன் நான். அது பொருந்தியதா என்று எனக்குத் தெரியாது. பொருந்தியது என்று பொய் எழுதினேன். சந்தேகம் வந்த பிறகும் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்திருந்தேன். அன்றே போட்டிருந்தால் பதினொன்றாம் தேதி வந்திருக்கும். தாய் கவனித்தாள். கவனிக்காதவன் நான்.

மு. கமாலுதீன்


உத்தமபாளையம்
11-1-2025

அண்ணனுக்கு மைமூன் எழுதுவது.

ஹாதியா உங்களுக்கு எழுதியது எனக்குத் தெரியாது. உங்கள் பதிலை ஷானவாஸிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டு என் மடியில் போட்டான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். அவள் படித்துவிட்டு, “அப்போ நான் பார்த்தது சரிதான் மாமி. சரின்னு தெரிஞ்சும் அடுத்தவங்க பேச்சைக் கேட்டுப் புள்ளை பக்கத்துல வச்சிருக்கேன்” என்றாள். இத்தனை நாள் தெரியாமல் நடந்தது என்று இருந்தாள். இப்போது அதுவும் இல்லை. போன வெள்ளிக்கிழமை கம்பத்துக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

நூல் கண் வேண்டாம் என்று சொன்னது நான். அதை நீங்கள் அந்தக் காகிதத்தில் எழுதவில்லை. ஏன் விட்டீர்கள்? என்னைக் காப்பாற்றவா? யாரிடமிருந்து அண்ணே?

இங்கே வர வேண்டாம். ஷானவாஸ் உங்களைப் பார்த்தால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

மைமூன்


மட்டாஞ்சேரி
22-2-2025

மைமூனுக்கு.

நலம் விசாரிக்கத் தயக்கமாக இருக்கிறது. உன் முழங்காலைப் பார்த்துக்கொள். வரமாட்டேன், பயப்படாதே.

ஹாதியா எழுதியிருந்தும், போன வாரம்தான் சுல்ஃபத்திடம் கேட்டேன். “எப்போதிலிருந்து தெரியும்?” என்றேன். “அன்னைக்கே.” “ஏன் சொல்லலை?” “சொல்லி?” என்றாள். “உங்க பக்கத்துல படுத்துக்கிட்டு அஞ்சு மாசம் நான் எப்படி இருந்தேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? மிஷின் வச்சிருக்கீங்கல்ல, இப்போ கேட்டுக்குங்க” என்றாள். கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சோறு வைக்கிறாள். சாப்பிடுகிறேன்.

எந்தப் பொம்மைக்கு எந்த நாளில் என்ன கண் வைத்தேன் என்று நான் நோட்டில் குறித்துவைப்பது உண்டு. காது மங்கிய பிறகு வைத்தவை நூற்று நாற்பத்தாறு. ஷபானாவின் கடையில் விற்காமல் இருந்த நாலைத் திரும்ப வாங்கினேன். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஒன்பது. அந்தப் பதின்மூன்றையும் தராசில் மாட்டி இழுத்தேன். இரண்டில் கண் வந்துவிட்டது.

மீதி எங்கே என்று ஷபானாவிடம் கேட்டேன். “எனக்கெப்படி மாஷே அறியும்? ஜெர்மனிக்காரன் வாங்கினான், டெல்லிக்காரி வாங்கினா, காக்கநாட்டு ஐடி பிள்ளைங்க வாங்கினாங்க. பேரும் ஊரும் கேட்டுக்கிட்டா சாமானம் விப்பாங்க?” என்றாள். கடை வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டலாம் என்று எழுதிக் கொண்டுபோனேன், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். அவள் வாசித்துவிட்டு மடித்து என் பையிலேயே வைத்தாள். “இதை ஒட்டினா நான் கடையைப் பூட்டணும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க உண்டு மாஷே. வீட்டுக்குப் போய் ஒரு சாயா குடிச்சிட்டு உறங்குங்க” என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியவில்லை. அதனால் தினமும் காலை பத்து மணியிலிருந்து கடைக்கு எதிர்ப்புறம் நானே நிற்கிறேன். கூட்டமாக வருகிறார்கள். கைக்குழந்தையோடு வருகிற ஒவ்வொருவரிடமும், இங்கே பின்னல் பொம்மை வாங்கியதுண்டா என்று கேட்கிறேன். புதிய ஆட்களிடம் கேட்டுப் பலன் இல்லை என்று தெரியும். சிலர் நான் ஏதோ விற்க வந்தவன் என்று எண்ணி விலகிப் போகிறார்கள். ஒருத்தி காசு கொடுத்தாள்.

பொம்மை வாங்கிப்போனவர்கள் யாரும் அந்தத் தெருவுக்குத் திரும்பி வருவதில்லை.

கமாலுதீன்